மூன்று துளைகளை நம்பலாமா?
ஒரு வேட்டைத் தோட்டா கற்றுத்தரும் அளவீட்டுப் பாடம்

அமெரிக்காவில் இலையுதிர் காலம் என்றால் மான் வேட்டைக் காலம். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே பல வேட்டைக்காரர்கள் வீட்டுப் பட்டறையில் தராசும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். கடையில் ஆயத்தத் தோட்டா கிடைக்கிறது. ஆனாலும் சுட்டு முடிந்த பித்தளை உறைகளைச் சேர்த்து வைத்து, மீண்டும் மருந்து நிரப்பி, தங்கள் துப்பாக்கிக்கு எந்த அளவு மிகவும் பொருந்துகிறது என்று தேடுவது அங்கே நூறாண்டுக்கும் மேற்பட்ட பழக்கம்.

அவர்கள் செய்வது என்ன? ஒன்றை மட்டும் மாற்றுகிறார்கள், மற்றவற்றை மாறாமல் வைக்கிறார்கள், விளைவை அளக்கிறார்கள். அறிவியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி மூன்றும் இதில் இருக்கின்றன. மருந்தின் பொருண்மை தற்சார்பு மாறி. குண்டின் வேகமும், இலக்கில் துளைகள் சிதறும் அளவும் சார்பு மாறிகள். சோதனை தவறினால் மதிப்பெண் குறைவதோடு போகாது. முகத்துக்கு அருகே எஃகு உடையும். அதனால்தான் இந்தக் கதையை அளவீட்டுப் பாடமாகப் படிப்பது பயன் தரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவோம். மலேசியாவில் உரிமமில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி குற்றம். ஆகவே இது செய்து பார்க்கும் கட்டுரை அல்ல. செய்து பார்க்க வேண்டிய சோதனை இறுதியில் இருக்கிறது. அதற்கு மூன்று பகடைக் காய்கள் போதும்.

பெயருக்குள் ஓர் ஆண்டு

நாம் எடுத்துக்கொள்ளும் தோட்டாவின் பெயர் ‘தேர்ட்டி-ஆட்-சிக்ஸ்’. துப்பாக்கிக் குழலின் உட்புற விட்டம் 0.30 அங்குலம் என்பதால் முப்பது. அமெரிக்க இராணுவம் 1906இல் ஏற்றுக்கொண்டதால் சைபர் ஆறு. அதற்கு முந்தைய 1903ஆம் ஆண்டுத் தோட்டாவில் மொட்டை முனை கொண்ட கனமான குண்டு இருந்தது. ஜெர்மனி கூர்முனைக் குண்டுக்கு மாறியதைப் பார்த்ததும் அமெரிக்காவும் மாறியது. புதிய குண்டின் எடை 150 கிரெயின், அதாவது ஏறத்தாழ 9.7 கிராம். வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 820 மீட்டர்.

‘கிரெயின்’ என்றால் தானிய மணி. நம் பொற்கொல்லர்கள் குன்றிமணியை எடையாக வைத்துப் பொன் நிறுத்ததைப் போல, ஐரோப்பியர்கள் தானிய மணியை எடையாகக் கொண்டார்கள். ஒரு கிரெயின் 0.0648 கிராம். கைத்தோட்டாக்காரர்களின் தராசு அதிலும் பத்தில் ஒரு பங்கைக் காட்டும். ஓர் அரிசியின் எடையில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

இரண்டு உலகப் போர்களிலும் பயன்பட்ட இந்தத் தோட்டா, வேட்டைக்காட்டிலும் பெயர் பெற்றது. அதிபர் பதவியிலிருந்து இறங்கிய தியோடர் ரூஸ்வெல்ட், 1909இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்காக ஆப்பிரிக்காவுக்குச் சென்றபோது எடுத்துச் சென்ற துப்பாக்கிகளில் ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளும் ஒன்று. இன்றும் வட அமெரிக்காவில் பரவலாக விற்பனையாகும் வேட்டைத் தோட்டாக்களில் இது ஒன்று.

உறைக்குள் நடப்பது வெடிப்பா?

தோட்டா என்பது நான்கு பொருள்களின் சேர்க்கை: பித்தளை உறை, அதன் அடியில் பொருத்திய பிரைமர் என்னும் தீமூட்டி, உள்ளே மருந்து, வாயில் குண்டு. துப்பாக்கியின் ஊசி பிரைமரைத் தட்டியதும் அது பொறி கக்கும். பொறி மருந்தைப் பற்றவைக்கும்.

பலர் நினைப்பது போல அந்த மருந்து ‘வெடிப்பது’ இல்லை. அது எரிகிறது, மிக விரைவாக எரிகிறது. 1884இல் பிரான்சின் பால் வியெய் உருவாக்கிய புகையில்லா மருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சு போன்ற செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரியச் செய்தால் கிடைக்கும் பொருள் இது. எரியத் தேவையான ஆக்சிஜன் அதன் மூலக்கூறிலேயே இருப்பதால் மூடிய உறைக்குள்ளும் எரியும்.

மருந்து சிறு சிறு துகள்களாக இருக்கும். ஒவ்வொரு துகளும் வெளிப்பரப்பிலிருந்து உள்நோக்கி, வெங்காயம் உரிவதுபோல அடுக்கடுக்காக எரியும். எரியும் வேகம் இரண்டைப் பொறுத்தது. ஒன்று, பரப்பளவு: துகளின் வடிவத்தை மாற்றினால் வாயு வெளிவரும் வேகமும் மாறும். துகளின் நடுவே துளையிட்டால், எரிய எரிய வெளிப்பரப்பு குறைந்தாலும் துளையின் உட்பரப்பு கூடிக்கொண்டே போகும். இரண்டாவது, அழுத்தம்: சுற்றிலும் அழுத்தம் கூடினால் மருந்து இன்னும் விரைவாக எரியும்.

இந்த இரண்டாவதில்தான் ஆபத்து இருக்கிறது. எரிந்தால் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் மேலும் விரைவாக எரிகிறது. அதனால் அழுத்தம் மேலும் கூடுகிறது. இப்படித் தன்னைத்தானே ஊக்குவிக்கும் சுழற்சியை நேர்ப் பின்னூட்டம் என்பார்கள். இதைத் தணிப்பது குண்டின் நகர்வு. குண்டு முன்னேற முன்னேற வாயுவுக்கு இடம் கிடைக்கிறது, அழுத்தம் இறங்குகிறது. மருந்து எரியும் வேகமும் குண்டு விலகும் வேகமும் போட்டி போடும் இந்த ஓட்டம் முழுவதும் ஏறத்தாழ 1.5 மில்லி வினாடிக்குள் முடிந்துவிடும்.

பித்தளைக்கும் இதில் பங்குண்டு. 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த உறை, அழுத்தம் ஏறும்போது விரிந்து அறைச்சுவரோடு ஒட்டி, வாயு பின்பக்கம் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் சற்றே சுருங்கி விலகுகிறது. அப்படிச் சுருங்காவிட்டால் உறையை வெளியே இழுக்கவே முடியாது. மீண்டும் பயன்படுத்தவும் முடியாது.

ஆழ்கடலைவிட நான்கு மடங்கு

இந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் துப்பாக்கித் தொழில்துறை அமைப்பு வகுத்துள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. நமக்குப் பழகிய அளவில் 414 மெகாபாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 4,100 மடங்கு. உலகிலேயே ஆழமான மரியானா அகழியின் அடியில் உள்ள நீரழுத்தம்கூட இதில் நான்கில் ஒரு பங்குதான். உச்சக் கணத்தில் குண்டின் அடிப்பகுதியைத் தள்ளும் விசையைக் கணக்கிட்டால் 20,000 நியூட்டனுக்கு அருகில் வரும். சுண்டுவிரல் நுனி அளவுப் பரப்பின் மீது இரண்டு டன் எடையை ஏற்றியது போல.

‘இன்னும் கொஞ்சம் மருந்து போட்டால் என்ன?’ என்ற கேள்விக்குப் பதில் இயக்க ஆற்றல் சூத்திரத்தில் இருக்கிறது. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் உள்ளது. வேகத்தை 5 விழுக்காடு கூட்ட விரும்பினால் குண்டுக்குக் கொடுக்கும் ஆற்றலை 10 விழுக்காட்டுக்கு மேல் கூட்ட வேண்டும். அந்தக் கூடுதல் ஆற்றல் அதே நீளக் குழலுக்குள், அதே குறுகிய நேரத்தில் வந்தாக வேண்டும். ஆகவே வேகம் அடிமேல் அடி வைத்து ஏறும்போது அழுத்தம் படி தாண்டி ஏறுகிறது. உச்ச எல்லைக்கு அருகில் சிறு கூடுதலும் பெரிய ஆபத்தாகிவிடும். சோதனைக்கூடங்கள் அளந்து வெளியிட்ட கையேட்டைத் தாண்டிப் போகக்கூடாது, எல்லைக்கு வெகு கீழிருந்து சிறு சிறு படியாகத்தான் ஏற வேண்டும் என்று அங்கே திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இதுதான்.

கண்ணுக்குத் தெரியாததை அளப்பது

வினாடிக்கு 820 மீட்டர் வேகத்தில் போகும் பொருளை எப்படி அளப்பது? மின்சாரம் புழக்கத்துக்கு வராத காலத்திலேயே இதற்கு விடை கண்டவர் இங்கிலாந்தின் பெஞ்சமின் ராபின்ஸ். 1742இல் வெளியான தம் நூலில் அவர் எறியியல் ஊசலை விளக்கினார். கனமான ஊசலின் மீது குண்டைச் சுட வேண்டும். குண்டு அதில் புதைந்து இரண்டும் சேர்ந்து நகரும். ஊசல் எவ்வளவு ஆடியது என்பதை அதில் கட்டிய நாடா காட்டிக்கொடுக்கும்.

நம் குண்டை வைத்துக் கணக்குப் போடுவோம். குண்டின் உந்தம் 0.0097 கிலோகிராம் × 820, அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 7.95 கிலோகிராம்-மீட்டர். அது 10 கிலோகிராம் கட்டையில் புதைந்தால், உந்த அழிவின்மை விதிப்படி கட்டை வினாடிக்கு ஏறத்தாழ 0.8 மீட்டர் வேகத்தில் நகரத் தொடங்கும். அந்த வேகத்தில் ஊசல் 3.2 சென்டிமீட்டர் உயரம் ஏறும். கண்ணால் பார்க்கவே முடியாத வேகம், சாதாரண அளவுகோலால் அளக்கக்கூடிய உயரமாக மாறிவிட்டது.

ராபின்ஸ் ஊசலை வெவ்வேறு தூரத்தில் வைத்துச் சுட்டுப் பார்த்தார். காற்றுத்தடை பொருட்படுத்தத் தக்கதல்ல என்று பீரங்கி வல்லுநர்கள் அதுவரை நம்பியிருந்தார்கள். ஊசல் வேறு கதை சொன்னது: ஒலியைவிட வேகமாகப் போகும் குண்டைக் காற்று மிகக் கடுமையாகத் தடுக்கிறது. பாடநூலில் வரும் அழகான பரவளையப் பாதை வெற்றிடத்துக்குத்தான் சரி. இந்த நூலின் அருமையை உணர்ந்து 1745இல் ஜெர்மன் மொழியில் விரிவான குறிப்புகளோடு வெளியிட்டவர், கணித மேதை ஆய்லர்.

இன்று ஊசலின் இடத்தில் குரோனோகிராப் கருவி. இரண்டு ஒளியுணரிகளை 60 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்தால், குண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக 0.73 மில்லி வினாடி ஆகும். அந்த நேரத்தை மின்னணுக் கடிகாரம் துல்லியமாக எண்ணிவிடும். ஆனால் உணரிகளுக்கு இடையிலுள்ள தூரத்தில் 6 மில்லிமீட்டர் பிழை இருந்தால் விடை வினாடிக்கு 8 மீட்டர் தவறிவிடும். கடிகாரம் எவ்வளவு உயர்தரமாக இருந்தாலும் அளவுகோல் தவறினால் பயனில்லை.

கண்ணை நம்பிய பட்டறை

அழுத்தத்தை அளப்பது இன்னும் கடினம். சோதனைக்கூடத்தில் முன்பு சிறிய செப்பு உருளையை வைத்து, அது எவ்வளவு நசுங்கியது என்று பார்த்தார்கள். இப்போது அழுத்தம் பட்டால் மின்னேற்றம் தரும் படிகங்களைப் பயன்படுத்துகிறார்கள். வீட்டுப் பட்டறையில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே பலர் சுட்ட உறையைப் பார்த்து ஊகிக்கிறார்கள்: பிரைமர் தட்டையாகிவிட்டதா, உறையை வெளியே எடுக்கும்போது இறுகுகிறதா என்று. பிரைமரின் உலோகம் ஒவ்வொரு தயாரிப்பிலும் வேறுபடும் என்பதால் இந்த அடையாளங்கள் நம்பத்தக்க அளவுமானி அல்ல. அவை தெரியும் நேரத்தில் பாதுகாப்பு எல்லை ஏற்கெனவே தாண்டப்பட்டிருக்கலாம்.

கண்மதிப்பின் விலை என்ன என்பதை இதே தோட்டாவுக்கான ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிள்கள் காட்டின. முதல் உலகப் போர்க் காலத்தில் அவற்றில் சில, சுடும்போது உடைந்தன. ஆராய்ந்தபோது தெரிய வந்தது இது: எஃகுப் பாகங்களை உலையில் காய்ச்சிக் கடினமாக்கும்போது, அனுபவமிக்க தொழிலாளர்கள் எஃகின் நிறத்தைப் பார்த்தே வெப்பநிலையைக் கணித்து வந்தார்கள். வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளில் பழுக்கக் காய்ந்த எஃகும் மங்கலாகத் தெரியும். இன்னும் காயட்டும் என்று விட்டுவிடுவார்கள். மேகமூட்டமான நாளோடு ஒப்பிட்டால் வேறுபாடு 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருந்ததை வெப்பமானி காட்டிக்கொடுத்தது. அளவுக்கு மீறிக் காய்ந்த எஃகு நொறுங்கும் தன்மை கொண்டதாகிவிட்டது.

இந்த விவரங்களை அமெரிக்க இராணுவ ஆயுதத்துறை அதிகாரி ஜூலியன் ஹேட்சர் 1947இல் வெளியிட்ட தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். அந்தத் தொழிலாளர்கள் திறமையற்றவர்கள் அல்லர். பல்லாண்டு அனுபவம் உள்ளவர்கள். ஆனால் மனிதக் கண் சுற்றியுள்ள வெளிச்சத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது. அனுபவத்தால் அதை மாற்ற முடியவில்லை. வெப்பமானியும் புதிய பதப்படுத்தும் முறையும் வந்த பிறகே சிக்கல் தீர்ந்தது. தொடர் எண் 8 இலட்சத்துக்கும் குறைவான அந்தப் பழைய ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிள்களைச் சுட வேண்டாம் என்று இன்றும் அறிவுறுத்துகிறார்கள்.

மூன்று துளைகளின் மயக்கம்

இப்போது தலைப்புக்கு வருவோம். ஒரு வேட்டைக்காரர் பத்து வெவ்வேறு மருந்தளவுகளில் தோட்டாக்கள் செய்கிறார். ஒவ்வோர் அளவிலும் மூன்று குண்டுகளை 100 மீட்டர் தூரத்து அட்டையில் சுடுகிறார். எந்த அளவில் மூன்று துளைகளும் மிக நெருக்கமாக விழுந்தனவோ, அதுவே சிறந்தது என்று முடிவு செய்கிறார். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. சரிதானா?

நிகழ்தகவுக் கணக்கைப் பார்ப்போம். ஒரே துப்பாக்கி, ஒரே மருந்தளவு. காற்று, கை நடுக்கம், வேகத்தில் சிறு ஏற்ற இறக்கம் எல்லாம் சேர்ந்து துளைகள் குறுக்கிலும் நெடுக்கிலும் 10 மில்லிமீட்டர் திட்ட விலக்கத்தோடு சிதறுவதாகக் கொள்வோம். மிகத் தொலைவிலுள்ள இரண்டு துளைகளின் இடைவெளிதான் ‘கூட்டத்தின் அளவு’. அதன் சராசரி இப்படி அமையும்:

3 குண்டுகள் சுட்டால்: ஏறத்தாழ 24 மில்லிமீட்டர்
5 குண்டுகள் சுட்டால்: ஏறத்தாழ 31 மில்லிமீட்டர்
10 குண்டுகள் சுட்டால்: ஏறத்தாழ 38 மில்லிமீட்டர்

துப்பாக்கி மாறவில்லை, மருந்து மாறவில்லை. குண்டுகளின் எண்ணிக்கை கூடியதும் அளவு பெரிதாகிறது. குறைவாகச் சுடுகிறவரின் துப்பாக்கிதான் எப்போதும் ‘துல்லியமானது’ போலத் தோன்றும்! இன்னொன்று: மூன்று குண்டுக் கூட்டம் ஒருமுறை 15 மில்லிமீட்டராகவும், அடுத்தமுறை 33 மில்லிமீட்டராகவும் வருவதில் வியப்பே இல்லை. அதே தோட்டாதான். அதைப் பார்த்து ‘முதல் மருந்தளவு இரண்டாவதைவிட இருமடங்கு நல்லது’ என்று முடிவு செய்தால், நாம் அளந்தது மருந்தை அல்ல, தற்செயலை.

பகடையைக் கேட்போம்

நம்பிக்கை வரவில்லையா? இதை வகுப்பில் செய்து பாருங்கள். பத்து மாணவர்கள் ஆளுக்கு மூன்று பகடைக் காய்களை ஒரே ஒருமுறை உருட்டட்டும். பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்தால் கிடைப்பது வீச்சு. 4, 5, 4 விழுந்தால் வீச்சு 1. எல்லாக் காயும் ஒரே மாதிரியானவை. யாருடையதும் ‘துல்லியமான பகடை’ அல்ல.

மூன்று காய்கள் விழக்கூடிய வழிகள் 216. அவற்றில் வீச்சு 0 அல்லது 1 ஆக அமைவது 36 வழிகளில், அதாவது ஆறில் ஒரு வாய்ப்பு. அப்படியானால் பத்துப் பேரில் ஒருவருக்கேனும் இது வாய்ப்பதற்கான நிகழ்தகவு என்ன? ஒருவருக்கும் வாய்க்காமல் போக ஐந்தில் ஆறு பங்கு என்பதல்ல, ஆறில் ஐந்து பங்கு என்பதைப் பத்து முறை பெருக்க வேண்டும், விடை 0.16. ஆகவே யாரோ ஒருவருக்கு வாய்க்க 84 விழுக்காடு வாய்ப்பு. பத்து மருந்தளவுகளில் ஒன்று ‘அற்புதமாக’ அமைவதும் இப்படித்தான். தேடினால் கிடைக்கும், கிடைத்தது உண்மையா என்பதுதான் கேள்வி.

இனி இரண்டாவது பாதி. வீச்சு மிகக் குறைவாக வந்த அந்த ‘வெற்றியாளர்’ அதே மூன்று காய்களை இன்னும் பத்து முறை உருட்டட்டும். அவருடைய சராசரி வீச்சு மற்றவர்களைப் போலவே 2.9க்கு அருகில் திரும்பிவிடும். பத்துக் காய்களை ஒன்றாக உருட்டினால் சராசரி வீச்சு 4.6 ஆகிவிடும்.

இதற்கு மருந்து மூன்று. ஒன்று, மாதிரியின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். இரண்டு, இரு கோடித் துளைகளை மட்டும் பார்க்காமல், எல்லாத் துளைகளும் மையத்திலிருந்து எவ்வளவு விலகியுள்ளன என்று அளந்து சராசரி காணுங்கள். அப்போது ஒவ்வொரு துளையும் தன் சாட்சியைச் சொல்லும். மூன்று, வென்றது போலத் தோன்றுவதைப் புதிதாக மீண்டும் சோதியுங்கள்.

கடைசிப் பாடம் துப்பாக்கிக்கு மட்டும் உரியதல்ல. ஆய்வுக்கூடத்தில் ஊசலின் அலைவு நேரத்தை மூன்று முறை அளந்து சராசரி எழுதுகிறோம். மூன்று அளவீடுகளும் நெருக்கமாக வந்தால் மகிழ்கிறோம். மூன்று பேருக்கு வேலை செய்த நாட்டு மருந்து, மூன்று மாணவருக்குப் பலன் தந்த படிப்பு முறை, மூன்று வாரம் தொடர்ந்து வென்ற காற்பந்துக் குழு என்று அன்றாடம் நம் முன்னால் மூன்று துளைகளை யாரோ காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அப்போது கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள்: எத்தனை முறை அளந்தீர்கள்? காட்டாமல் விட்ட அட்டைகள் எத்தனை?